நதாவுக்கென்று செய்த கேக்

சோள ரவை கேக்கைச் சூட்டோடு வெட்டக் கூடாது. ஓவனிலிருந்து இறக்கியதும் தோடம்பழச் சாற்றில் காய்ச்சிய சீனிப் பாணியை மேலே ஊற்றிவிட்டு, இரண்டு மணித்தியாலமாவது அதை அதன்பாட்டில் விட வேண்டும். அவசரப்பட்டுக் கத்தி வைத்தால் ஈர மணல் மாதிரி உதிர்ந்துவிடும். சுவையில் குறை வராது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு, செய்தவன் எதையோ ஒளிக்கிறான் என்ற எண்ணம் வரும்.

மிஸ் சுபாஷினி, ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சாப்பாட்டுக்குப் பொறுப்பான நீங்கள், என் மருமகள் நதா கடந்த பதினான்கு மாதங்களாக என்ன சாப்பிட்டாள் என்று எழுதித் தரச் சொன்னீர்கள். கடைசியாக அவளுடைய இரத்தப் பரிசோதனை நல்லபடி வந்தது பதினான்கு மாதத்துக்கு முன்னால், ஆகவே அங்கிருந்து தொடங்குங்கள் என்றீர்கள். கெட்டிக்காரத்தனமான தொடக்கம். ஆனால் உங்கள் ஆஸ்பத்திரிப் படிவத்தில் காலை, பகல், இரவு என்று மூன்று கட்டங்கள்தான் இருக்கின்றன. முப்பத்தேழு கிலோவாக உங்கள் வோர்டில் படுத்திருக்கிற ஒரு பிள்ளையின் சாப்பாட்டில் பிழை எங்கே என்று பிடிக்க அந்த மூன்று கட்டம் காணாது. அதனால் தனித்தாளில் எழுதுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் துணி வியாபாரி. கேட்ட அளவுக்கு மேல் நாலு விரல் விட்டு வெட்டித்தான் பழக்கம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். பிறந்தது கொட்டாஞ்சேனையில். முப்பத்தெட்டு வருடம் புறக்கோட்டையில் சாரமும் சேர்ட் துணியும் விற்றேன். எங்கள் வீட்டில் விலை என்பது ஒரு பேச்சின் தொடக்கம், அவ்வளவுதான். என் உம்மா மீன்காரனோடு மட்டுமல்ல, பல் வைத்தியரோடும் பேரம் பேசியவர். மூன்று பல்லைக் கழற்ற வேண்டும் என்ற அந்த மனிதரை ஒரு பல்லுக்கு இறக்கிவிட்டு வந்தார். மற்ற இரண்டு பல்லும் உம்மா மௌத்தாகும் வரைக்கும் நன்றாக வேலை செய்தன. அந்த வைத்தியர் பெயர் பெற்றவர், படித்தவர். ஆனால் அவரும் கூட்டித்தான் சொன்னார். எல்லோரும் கூட்டித்தான் சொல்கிறார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

கடைக்கு வருகிறவர்கள் “கடைசி விலை செல்லுங்க நானா” என்பார்கள். நான் கடைசி விலை சொல்வேன். அதற்குப் பிறகு இன்னும் மூன்று கடைசி விலை இருக்கும். இது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஒருவர் “முடியாது” என்று சொல்லும்போது அவருடைய வார்த்தையைக் கேட்கக் கூடாது, முகத்தைப் பார்க்க வேண்டும். சிரித்துக்கொண்டு முடியாது என்றால் இன்னும் இடம் இருக்கிறது.

என் மனைவி ரிஸ்லா மௌத்தான பிறகு கடையைக் கொடுத்துவிட்டு வெள்ளவத்தை வீட்டோடு இருந்தேன். கடற்கரைப் பக்கம், மூன்றாம் மாடி. சும்மா இருக்கத் தெரியாததால் கேக் செய்யப் பழகினேன். ரவையும் கஜுப் பருப்பும் முட்டை மஞ்சட்கருவும் பனிநீரும் போட்டுச் செய்கிற லவ் கேக்கில் எனக்குக் கை வந்தது. கலியாண வீடுகளிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். மாடிப்படியில் காண்கிறவர்கள் என்னை “கேக் ஹாஜியார்” என்றார்கள். மகன் முஸ்அப்தான் ஒரே பிள்ளை. கட்டட வேலைகளுக்கு அளவு கணக்குப் பார்க்கும் உத்தியோகம். அவனும் நானும் இரண்டு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். பெரிதாக ஒன்றும் கதைக்க மாட்டோம். அவன் சாப்பிட்ட கோப்பையை நான் கழுவுவேன், நான் குடித்த கோப்பையை அவன் கழுவுவான். அப்படி ஒரு வாழ்க்கை.

பிறகு நதாவைக் கட்டினான். மட்டக்குளிப் பிள்ளை, கொள்ளுப்பிட்டியில் ஓர் ஒப்பீஸில் வேலை. கலியாணத்தன்று ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற சஹனில் அவள் கை வைக்கவில்லை. வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டாள். என் பக்கத்துப் பெண்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். நான் லவ் கேக்கில் ஒரு துண்டை நீட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத மாதிரிச் சொன்னாள்.

“மாமா, கோவிக்க வேணாம். எனக்குக் கோதும ஏலா. சீலியாக் செல்லுறது. ரவ, மா, பாண் ஒண்டும் ஏலா. ஒரு துகள் போனாலும் குடல அரிச்சிடும்.”

ஒரு துகள். நான் அந்தச் சொல்லைக் கவனித்தேன். அதைவிடச் சிறிய அளவு கிடையாது. இவ்வளவு உயரத்தில் ஆரம்பிக்கிறவர்களை நான் புறக்கோட்டையில்கூட அதிகம் கண்டதில்லை.

ஆனாலும் முதல் நான்கு மாதம் அவள் சொன்னபடியே நடந்தேன். இதை நீங்கள் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். கொள்ளுப்பிட்டியில் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் பொலென்டா என்று எழுதிய பைக்கட்டைக் கண்டேன். பிரித்துப் பார்த்தால் சோள ரவை. விலை ஒட்டிய கடை, யாரிடமும் பேச வழியில்லை, கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆறு தரம் செய்து பார்த்தேன். முதலாவது செங்கல். இரண்டாவது களி. ஆறாவது தரம் கஜுவை நன்றாக அரைத்து, பட்டரைச் சீனியோடு வெள்ளையாகும் வரை அடித்து, தோடம்பழத் தோலைத் துருவிப் போட்டு, ஏலக்காய்ப் பாணி ஊற்றினேன். தங்க நிறத்தில் வந்தது. அவளுக்கென்று தனி ட்ரே, தனிக் கரண்டி, தனிக் கிண்ணம் வாங்கினேன். குசினி அலுமாரியில் அவளுக்கென்று ஒரு தட்டு. மற்ற மா ஒன்றும் அந்தப் பக்கம் போகாது.

நதா முதல் துண்டை மென்று முடித்துவிட்டு, ட்ரேயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“பன்னெண்டு வருஷம் மாமா,” என்றாள் பிறகு. “பன்னெண்டு வருஷத்துக்குப் பொறகு கேக் சாப்பிடுறன்.”

“நல்லா ஈக்கா மகள்?”

“முஸ்அபுக்கு ஒரு துண்டும் குடுக்க வேணாம்,” என்றாள். 

அன்றிலிருந்து கிழமைக்கு இரண்டு ட்ரே. அவள் ஒப்பீஸுக்குக் கொண்டுபோவாள், தேத்தண்ணிக்குச் சாப்பிடுவாள், படுக்கப் போகுமுன் ஒரு துண்டு. கன்னத்தில் சதை வைத்தது. நீங்கள் சொன்ன அந்த இரத்தப் பரிசோதனைக்கு நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் கிளறன்ஸ் தாளைப் பார்த்து, எல்லாம் சுத்தம் என்றார். இப்படியே இருக்க வேண்டும், ஒரு துகளும் கூடாது என்றார்.

“டொக்டர், பெருநாளைக்கு ஒரு சின்னத் துண்டு?” என்று கேட்டேன்.

“பெருநாளைக்கும் ஏலாது, ஹாஜியார்.”

“ஒரு துகள் எண்டா எவ்வளவு டொக்டர்? ஒரு அளவு ஈக்குமே?”

“உங்களோட கதைச்சு வெல்ல ஏலாது,” என்று சொல்லி அவர் சிரித்தார்.

சிரித்தார், மிஸ். நான் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த கிழமை சாப்பாட்டு மேசையில் முஸ்அப் மெல்பர்ன் கதையை எடுத்தான். அங்கே ஒரு கம்பனி வேலை தருகிறது, இரண்டு பேருக்கும் நிரந்தர விசா, பத்திரங்கள் போட்டாயிற்று. “வாப்பா, நீங்களும் எங்களோட வாங்களேன்,” என்றான். நதாவும் சொன்னாள், “மாமா வராட்டி எனக்கு யார் கேக் செய்யிற?” என்று. நல்ல பிள்ளைகள். அவர்கள் என்னை விட்டுவிட்டுப் போக நினைத்தார்கள் என்று நான் எங்கும் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாப் பொருளிலும் விலை ஒட்டிய ஊரில் என்னைப் போல ஒருவன் காலையில் எழும்பி என்ன செய்வது. நல்லது மகன், போங்க என்றேன். கோப்பைகளைக் கழுவினேன்.

அடுத்த ட்ரேயில் ஒரு மேசைக்கரண்டி கோதுமை ரவை சேர்த்தேன்.

என்ன நினைத்துச் செய்தேன் என்று கேட்பீர்கள். அவளுடைய நன்மையை நினைத்துத்தான். மெல்பர்னில் பாண் இல்லாத கடை உண்டா, பிஸ்கட் இல்லாத வீடு உண்டா. எவனோ ஒருவன் கவனமில்லாமல் எதையாவது கொடுப்பான், இந்தப் பிள்ளை அந்நிய ஊரில் விழுந்து கிடக்கும். அதைவிட இங்கே, சொந்த வீட்டில், மாமாவின் கண் முன்னால், கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்வது நல்லது. நோயும் ஒரு ஆள்தான். அது ஒரு துகளும் கூடாது என்கிறது. நான் ஒரு கரண்டி என்கிறேன். இடையில் எங்கேயாவது இரண்டு பேரும் ஒத்துக்கொள்வோம் என்று நம்பினேன்.

துணியிலும் அப்படித்தான். நூறு வீதம் பருத்தி என்று அச்சடித்த துணியில் நூறு வீதம் பருத்தியை நான் என் தொழிலில் அதிகம் சந்திக்கவில்லை. பத்தில் ஒன்று கலந்தால் கைக்குத் தெரியாது. பத்தில் மூன்று கலந்தால் தோலுக்குத் தெரியும், அதுவும் வெயிலில். சோள ரவை மஞ்சள், கோதுமை ரவை வெள்ளை. அதனால் கோதுமையைப் பட்டரில் வறுத்து ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போட்டேன். பார்வைக்கு ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதற்காக. கேக் செய்கிற எவரும் அந்த அளவு கவனம் எடுப்பார்கள்.

“மாமா, இண்டைக்கிக் கேக் இன்னம் மெதுவா ஈக்கே,” என்றாள் நதா.

“முட்ட ஒண்டு கூடப் போட்டன் மகள்.”

இந்த விசயத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். பிறகு அவள் கேட்கவில்லை, நானும் சொல்ல வேண்டி வரவில்லை.

மூன்று கிழமைக்கு ஒன்றும் நடக்கவில்லை. நோய் அந்த விலைக்கு ஒத்துக்கொண்டது என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு கரண்டிக்குப் போனேன். ஐந்தாம் கிழமை அவளுக்கு வயிறு ஊதியது. ஏழாம் கிழமை படி ஏறும்போது இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினாள். ஒப்பீஸுக்கு லீவு போட்டாள். நான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன், தலைக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். முஸ்அப் பயந்து, பயணத்தை மூன்று மாதம் தள்ளிப் போட்டான். நான் கேட்காமலே நடந்தது அது.

நதா புத்தியுள்ள பிள்ளை. எங்கேயோ கோதுமை கலக்கிறது என்று, சுகமில்லாமல் போன முதல் மாதத்திலேயே சரியாகச் சொல்லிவிட்டாள். எங்கே என்பதில்தான் பிழை விட்டாள். சோயா சோஸை வீசினாள், அதில் கோதுமை உண்டாம், எனக்கே தெரியாது. கறித்தூளை வீசினாள். பற்பசையை மாற்றினாள். வீட்டில் பாண் வாங்குவதை நிறுத்தினோம். நானும் அவளோடு குந்தியிருந்து ஒவ்வொரு போத்தலாக எடுத்து, கண்ணாடி போட்டு, ஒட்டியிருக்கிற சின்ன எழுத்தையெல்லாம் வாசித்துச் சொன்னேன். 

கடைசியில் மிஞ்சியது மட்டக்குளியில் இருக்கிற அவளுடைய உம்மா ஸமீமாவின் சமையல். வெள்ளிக்கிழமைகளில் அங்கே போய் இடியப்பம் சாப்பிடுவாள். ஒரு வெள்ளிக்கிழமை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். நான் முன்னறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். குசினியில் பேசியது எல்லாம் கேட்டது.

“உம்மா, மெய்யச் செல்லுங்க. இடியப்ப மாவுல கோதும கலந்தீக்கீங்களா?”

“அல்லாஹ்வுக்காக, தனி அரிசி மா மகள். உனக்குத் தெரியாதா, நான் பன்னெண்டு வருஷமா எப்பிடிப் பாத்துப் பாத்து...”

“அப்ப எனக்கு ஏன் இப்பிடி? வீட்டில நான் மாமாட கேக்கும் சோறும் தவிர ஒண்டும் சாப்பிடுற இல்ல. மாமா எனக்கு வேற ட்ரே வச்சீக்கார், வேற கரண்டி வச்சீக்கார். நீங்க அந்தப் பழைய அரிதட்டையே வச்சீக்கீங்க. ரொட்டி மாவும் அதுலதானே அரிச்ச?”

“பத்துத் தரம் கழுவினன் மகள்.”

“கழுவினாப் போதாதும்மா. சொந்த உம்மா நீங்க. மாமாக்கு ஈக்கிற கவனம் உங்களுக்கு இல்லயே.”

அரிதட்டு குப்பை வாளிக்குள் விழுந்த சத்தம் கேட்டது. ஸமீமா வெளியே வந்து, என்னைப் பார்த்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நீங்களாவது பாத்துக்கங்க நானா,” என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அன்றிலிருந்து நதா அங்கே சாப்பிடுவதில்லை. பிறகு போவதும் இல்லை. ஸமீமாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று பெருநாளன்று ஒரு லவ் கேக் அனுப்பினேன். அதில் கலப்படம் ஒன்றும் இல்லை.

இப்படியாக, நம்பிச் சாப்பிடுவதற்கு என்று அவளிடம் மிஞ்சியது வெறும் சோறும் என் கேக்கும். சோறு இறங்கவில்லை. கேக் இறங்கியது.

அடுத்ததை நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் படிவத்தில் வர வேண்டியது. அவள் பிள்ளை உண்டானாள். வீட்டில் சந்தோசம். முஸ்அப் அன்று மூன்று தரம் கோப்பை கழுவினான், எல்லாம் கழுவின கோப்பைகள். பிள்ளை அங்கேதான் பிறக்கும், பிறந்தால் அந்த நாட்டுப் பத்திரம் கிடைக்கும் என்றான். அந்தக் கிழமை மூன்று கரண்டி. கர்ப்பத்தின் பதினோராம் கிழமை, பிள்ளை தங்கவில்லை.

அதற்குப் பிறகு நாற்பது நாளைக்குத் தனிச் சோளம்தான் போட்டேன். துக்க வீட்டில் அப்படியான வேலை பார்க்கக் கூடாது. அந்த நாற்பது நாளில் அவளுக்கு முகத்தில் இரத்தம் வந்தது. பின்னேரங்களில் முஸ்அபின் கையைப் பிடித்துக்கொண்டு ரயில் பாதை ஓரமாக ஸ்டேஷன் வரை நடந்து திரும்பினாள். ஒருநாள் தனியாகவே போய் எனக்குத் தோடம்பழம் வாங்கி வந்தாள். பேரம் பேசி வாங்கியதாம். “மாமா, அந்தாள் கடைசி விலை எண்டு செல்லிட்டுத் திரும்பத் திரும்ப எறக்கினான்,” என்று சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையாகவே சந்தோசப்பட்டேன். அவளை எனக்குப் பிடிக்காது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

நல்ல சுகம் வந்துவிட்டது என்று முஸ்அப் பத்திரங்களைத் திரும்பவும் எடுத்தான். விசாவுக்கு உடம்பைப் பரிசோதிப்பது ஒரு செவ்வாய்க்கிழமை என்று திகதி தந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் நாலு கரண்டியில் திரும்பத் தொடங்கினேன். இரண்டும் ஒரே கிழமையில் வந்தது தற்செயல். கொழும்பில் எல்லாமே ஒரே கிழமையில்தான் வரும்.

செவ்வாய்க்கிழமை அவளால் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. திகதியைத் தள்ளினார்கள். புதுத் திகதி வந்தது. நான் ஆறுக்குப் போனேன். அதற்கடுத்த திகதிக்கு எட்டு. இரண்டு கோப்பைச் சோள ரவையில் எட்டுக் கரண்டி என்பது நாலில் ஒன்று. துணி என்றால் அவ்வளவு கலந்ததை எவனும் வாங்க மாட்டான். ஆனால் பாணி ஊற்றிய கேக் நிறையப் பொறுக்கும். அவள் தலைமயிர் குளியலறையில் கையோடு வந்தது. நகங்கள் வெளிறின. மெலிந்த விரலிலிருந்து கலியாண மோதிரம் கழன்று விழுந்து, சோபாவுக்கு அடியில் கிடந்ததை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பிறகுதான் உங்கள் வோர்டுக்குக் கொண்டுவந்தோம்.

டொக்டர் கிளறன்ஸ், இது சாப்பாட்டுக் கட்டுப்பாட்டுக்கு அடங்காத வகையாக மாறிவிட்டது என்றார். குடலில் புற்று இருக்கலாம், பார்க்க வேண்டும் என்றார். கடுமையான மருந்து தொடங்குவோம் என்றார். அதற்கு முன்னால் ஒரேயொரு தரம் வீட்டுச் சாப்பாட்டைச் சரிபார்க்க உங்களை அனுப்பினார்.

நீங்கள் வந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். கையுறை போட்டுக்கொண்டு எல்லா அலுமாரியையும் திறந்து பார்த்தீர்கள். நதாவின் தட்டு, நதாவின் ட்ரே, நதாவின் கரண்டி. கோதுமை ரவைப் போத்தல் என் லவ் கேக் சாமான்களோடு எதிர்ப்பக்கத்தில், பெயர் எழுதி, மூடி இறுக்கி இருந்தது. அதை நீங்களே தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தீர்கள்.

“அங்கிள், உங்கட குசினி எங்கட வோர்டைவிடத் துப்புரவா இருக்கு,” என்றீர்கள். “எல்லா வீட்டிலயும் உங்கள மாதிரி ஒராள் இருந்தா எனக்கு வேலையே இல்ல.”

“ஏதோ எங்களால ஏலுமானது மிஸ்.”

“அவ இந்தக் கேக்க மட்டும்தானே விரும்பிச் சாப்பிடுறா. வோர்டுக்கும் ஒவ்வொரு நாளும் ரெண்டு துண்டு அனுப்புங்கோ. கலோரி வேணும் அவவுக்கு.”

அனுப்பினேன். நீங்கள் சொன்னபடி ஒவ்வொரு நாளும் இரண்டு துண்டு. உங்கள் பெயரை நான் எங்கேயும் இழுக்கப் போவதில்லை. ஒரு உண்மைக்காகச் சொல்கிறேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பீர்கள். நேற்று முஸ்அப் வோர்டிலிருந்து வந்து, சப்பாத்தையும் கழற்றாமல் கதிரையில் விழுந்து சொன்னான்.

“வாப்பா, டொக்டர் கடிதம் தாராராம். இந்த வகைக்கெண்டே மெல்பர்ன்ல ஒரு ஆஸ்பத்திரி ஈக்காம். அவசர விசா எடுக்க ஏலுமாம். அவ ஒரு ஆறு நாளைக்குச் சேலைனோட கொஞ்சம் தெம்பாகினா, சக்கர நாற்காலியிலயே கூட்டிட்டுப் போறன்.”

“பொறகு?”

“பொறகு என்ன வாப்பா. இங்க ஒண்டும் சரிவரல்லயே. திரும்பி வாற யோசன இல்ல.”

பேரத்தில் இப்படி ஒரு கட்டம் உண்டு. நீங்கள் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுக்கும்போது, எதிரில் இருப்பவர் குடையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போவார். அனுபவமுள்ள வியாபாரி அந்தக் கட்டத்துக்கு விட மாட்டான். நான் விட்டுவிட்டேன். அதை ஒப்புக்கொள்கிறேன். வாசல்வரை போனவரைக் கூப்பிட ஒரே வழி, நமது உண்மையான விலையைச் சொல்லிவிடுவதுதான். அதைத்தான் இப்போது செய்கிறேன்.

ஆகவே தெளிவாக எழுதுகிறேன். நதாவுக்குப் புற்றும் இல்லை, அடங்காத வகையும் இல்லை. அவளுக்கு என் கையால், தெரிந்து, வறுத்து, நிறம் சேர்த்து, அந்த நாற்பது நாள் போகப் பதினான்கு மாதம் கோதுமை கொடுத்தேன். பிள்ளை தங்காமல் போவதும் இதனால் நடக்கக்கூடியதுதான் என்று அவள் எங்கள் ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த, இந்த நோயைப் பற்றிய சிறு புத்தகத்தில் எட்டாம் பக்கத்தில் இருக்கிறது. அதை நான் வாசித்தது பிறகுதான். பிறகு என்றால், பிள்ளை போன பிறகு. அந்த நாலு கரண்டிக்கு முன்னால்.

கோதுமையை நிறுத்தினால் நாற்பது நாளில் முகத்துக்கு இரத்தம் வரும். இதை நான் கண்ணால் கண்டவன். கடுமையான மருந்து தேவையில்லை, டொக்டரின் கடிதம் தேவையில்லை, மெல்பர்ன் ஆஸ்பத்திரி தேவையே இல்லை. இங்கேயே, வெள்ளவத்தையில், மாமாவின் குசினியிலேயே சுகமாக்கலாம். இதை நீங்கள் டொக்டரிடம் சொல்லலாம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால், பைக்கட்டுச் சோள ரவையை அரைத்த ஆலையில் ஏதோ கலந்துவிட்டது என்று சொல்லுங்கள். அப்படி நடப்பதுண்டு, நீங்களே அன்று சொன்னீர்கள். கண்டுபிடித்த பெருமை உங்களுக்கு, பிள்ளை பிழைப்பாள், முஸ்அப் ஆறுதலாவான். இந்தத் தாள்களை வாசித்துவிட்டு எனக்கே திருப்பித் தந்துவிடுங்கள். இதில் யாருக்கும் நட்டமில்லை.

ஒரேயொரு நிபந்தனை. அவளை அளவோடு சுகமாக்க வேண்டும். நடக்க வேண்டும், சிரிக்க வேண்டும், தோடம்பழக்காரனோடு பேரம் பேச வேண்டும். பிளேன் ஏறுகிற அளவுக்கு வேண்டாம், அதற்குக் கொஞ்சம் கீழே. அந்தப் பக்குவம் எனக்குத் தெரியும். அதை என்னிடம் விட்டுவிடுங்கள்.

நீங்கள் உடனே ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். படித்த பிள்ளை, ஒரு துகளும் கூடாது என்பீர்கள். நானும் நல்லெண்ணத்தைக் காட்டாமல் பேச வரவில்லை. எட்டிலிருந்து நான் ஏற்கனவே இறங்கி வந்திருக்கிறேன். இன்று காலை முஸ்அபின் கையில் வோர்டுக்கு அனுப்பிய ட்ரேயில் இரண்டே இரண்டு கரண்டிதான். நீங்களும் கொஞ்சம் இறங்கி வந்தால், நாளைக்கு ஒன்று.